வளைவில் இருந்த கண்ணி

திலகவதி குளிக்கப் போவதற்கு முன் வீட்டில் எல்லோரிடமும் அனுமதி கேட்பாள்.

"நான் குளிக்கப் போறேன். யாருக்காச்சும் அவசர வேலை இருக்கா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் உடனே பதில் வந்துவிடும். "கொஞ்சம் பொறுக்கா, மேலதிகாரி பேசிட்டிருக்காரு" என்பான் தம்பி குணசீலன். "அண்ணி, இந்த ஒரு பாட்டு முடியட்டும்" என்பாள் அவன் மனைவி பூங்கோதை. திலகவதி தோளில் துண்டைப் போட்டபடி மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். சில நாள் துண்டு தோளிலேயே கிடந்து மத்தியானமாகிவிடும். அதையெல்லாம் அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

செவ்வாய்க் கிரகத்தில் மேலைப்பள்ளம் என்ற அந்த ஊரில் வீடுகளெல்லாம் மண்ணுக்கு அடியில் இருந்தன. சிவப்பு மண் கல்லால் கட்டிய முழங்கை அகலச் சுவர். அதற்குள் விண்கதிரைத் தடுக்க ஓர் உலோகத் தகடு. கதிரைத் தடுத்த தகடு வைஃபையையும் தடுத்தது. கம்பி இழுக்கலாம் என்றால் சுவரில் துளை போடுவது அந்த ஊரில் கொலைக்கு அடுத்த குற்றம். காற்று போய்விட்டால் என்ன செய்வது? ஆகவே வாசல் பெட்டியிலிருந்து கிளம்பும் அலை கண்ணுக்கு நேராக எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம்தான் போகும். அது திரும்ப வேண்டுமென்றால் திருப்பத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அதற்காகத்தான் வயது வந்த ஒவ்வொருவருக்கும் காறை எலும்புக்குக் கீழே மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கண்ணியைப் புதைத்தார்கள். உடம்பின் சூட்டிலேயே அது ஓடும். அலையை வாங்கிக் கேட்கவும் செய்யலாம், வாங்கி அடுத்தவருக்குக் கடத்தவும் செய்யலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. கடத்துகிறவருக்குக் கேட்காது.

பூமியில் கூட்டுக் குடும்பம் ஒழிந்துபோன கதையைப் பாடத்தில் படித்தவர்கள் இங்கே வந்து அதை மறுபடியும் கட்டி எழுப்பினார்கள். பாசத்தால் கட்டினோம் என்று விழா மேடைகளில் சொல்லிக்கொள்வார்கள். உண்மை என்னவென்றால், ஆள் அதிகமுள்ள வீட்டில் வைஃபை நன்றாக எடுத்தது. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட வீட்டில் பெரியவர்கள் எத்தனை பேர், அவர்கள் ஓரிடத்தில் உட்காரக்கூடியவர்களா என்றுதான் முதலில் விசாரித்தார்கள்.

குணசீலன் வீட்டின் நடை, மடக்கிய கைபோல நடுவில் ஒடிந்து திரும்பும். முன்னால் கூடம், பின்னால் அறைகள். அந்த வளைவில்தான் திலகவதியின் நாற்காலி. தம்பி மகள் நிறைமதி பிறந்த புதிதில் வந்து உட்கார்ந்தவள். இப்போது நிறைமதி படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள்.

அங்கே வந்து உட்காரும் முன் திலகவதிக்கு ஒரு வேலை வந்திருந்தது. ஊருக்கு மேற்கே இருந்த பசுங்கூடத்தில் விதை பார்க்கும் வேலை. அதற்கென்றே படித்தவள் அவள். "நீ போயிட்டா பின்கட்டு முழுக்கச் செத்துப்போயிடும்கா. குழந்தை வேற பொறந்திருக்கு. ஒரு வருஷம் மட்டும் இரேன்" என்றான் தம்பி. ஒரு வருஷம் என்றுதான் அவனும் நினைத்தான். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பழகிப் போய்விட்டது, அவ்வளவுதான்.

அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம் இல்லாமலும் இல்லை. அலை கடக்கும்போது காறை எலும்பில் ஓர் இளஞ்சூடு பரவும். என்ன போகிறது என்று தெரியாது. யாருடையது என்று தெரியும். தம்பியின் அலுவல் பேச்சு ஒரே சீராகச் சுடும். பூங்கோதையின் பாட்டு ஏறி ஏறி இறங்கும். நிறைமதி தோழியோடு பேசிச் சிரிக்கும்போது மட்டும் சூடு துள்ளித் துள்ளி வரும். அப்போது திலகவதியும் காரணம் தெரியாமல் சிரித்துக்கொள்வாள்.

அவளுக்கு இன்னொரு பழக்கம். வளைவைத் தாண்டிப் போகிற ஒவ்வொருவரையும் "சாப்ட்டியா?" என்று கேட்பாள். முதல் முறை சாதாரணமாகக் கேட்பாள். பதில் வராவிட்டால் இரண்டாவது முறை குரலைத் தாழ்த்தி, கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்துக் கேட்பாள். மூன்றாவது முறை கேட்கமாட்டாள். பெரும்பாலும் பதில் வராது. அவர்கள் காதில் எப்போதும் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். அவள் கேட்டதை அவர்கள் காதில் விழாமல் செய்த அந்தப் பாட்டும் பேச்சும் அவள் எலும்பு வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன.

அந்த வீட்டுக்கு மெஷ் வலை வந்ததற்குக் காரணம் திலகவதியின் ஆடுசதை.

துருவ நிலையத்தில் பனி ஆராயும் வேலைக்கு நிறைமதிக்கு நேர்காணல். பின்னறையில் அமர்ந்து நன்றாகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். வளைவில் திலகவதி அசையாமல் இருந்தாள். இருந்து இருந்து கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பல்லைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. சுவரைப் பிடித்து எழுந்து காலை உதறினாள். நின்ற இடம் வளைவுக்குச் சற்றுத் தள்ளிப் போய்விட்டது. பின்னறையில் நிறைமதியின் எதிரே இருந்த முகங்கள் உறைந்து மறைந்தன.

நிறைமதி வெளியே வந்தாள். அத்தை ஒரு காலில் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தாள். உள்ளே போய் அழுதாள். திட்டியிருந்தால் திலகவதிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் குணசீலன் மெஷ் பெட்டிக்கு ஏற்பாடு செய்துவிட்டான். சுவரில் ஒட்டிக்கொள்ளும் கண்ணிகள். துளை வேண்டாம், சுவர்ச் சூட்டிலேயே ஓடும், ஒன்றோடொன்று தாமே பேசி அலையை வீடு முழுக்க விரிக்கும். ஊரில் பாதி வீடுகளில் வந்துவிட்டது. பக்கத்து வீட்டிலும் வந்தது. அது வந்து சில நாளில் அந்த வீட்டுப் பெரியவர், தனி ஆட்களைச் சேர்த்து வைக்கும் ஒற்றையர் கூடத்துக்குக் குடிபோனார். "அங்க அவருக்குப் பேச்சுத்துணை இருக்கு" என்றார்கள். போகும்போது அவர் யாரோடும் பேசவில்லை.

"குணா, நானும் அங்க போகணுமாடா?" என்று திலகவதி கேட்டாள்.

"என்னக்கா பேசற? நீ எங்கயும் போக வேணாம். இனிமே நீ உன் இஷ்டத்துக்கு எந்திரிக்கலாம், நடக்கலாம். உனக்கு விடுதலைக்கா."

அவன் உண்மையாகவே சந்தோஷமாகச் சொன்னான். 

பொருத்துவதற்கு அந்தோணி என்றொருவன் வந்தான். கூடத்தில் ஒன்று, அறைக்கு ஒன்று என்று ஒட்டிக்கொண்டே வந்து வளைவில் நின்றான்.

"கொஞ்சம் நாற்காலிய எடுக்கணும்மா."

திலகவதி எழுந்து நாற்காலியைத் தானே தள்ளி வைத்தாள். அந்தோணி அவள் காறை எலும்பின் மேல் ஒரு கருவியை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"ரொம்பத் தேஞ்சு போச்சு சார். இவ்வளவு நாள் ஓடினதே பெருசு. அணைச்சிட வேண்டியதுதான். ஆனா இதுல படிஞ்சிருக்கிற பழக்கத்த அப்படியே சுவர்க்கண்ணிக்கு மாத்திடலாம். யார் எப்ப வருவாங்க, போவாங்க, இந்த இடத்துல என்ன பேசுவாங்க, எல்லாம். வீட்டுக்குப் புதுசுன்னே தெரியாது."

"நல்லதாப் போச்சு" என்றான் குணசீலன்.

மாற்றி முடித்ததும் அந்தோணி அவள் கண்ணியை அணைத்தான். வலிக்கவில்லை. எலும்பு மெல்லக் குளிர்ந்தது. யார் பேசுகிறார்கள், யார் சிரிக்கிறார்கள் என்று இனி தெரியாது. தன் வீட்டுக்குள்ளேயே செவிடாகிப் போன மாதிரி இருந்தது அவளுக்கு. வளைவை ஒட்டிய சிறு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மாலையில் குணசீலன் நடையில் வருவது கேட்டது. கூடவே இன்னொரு குரலும் கேட்டது.

"குணா, சாப்ட்டியா?"

திலகவதி எழுந்து உட்கார்ந்தாள். அவள் குரல் அல்ல அது. ஆனால் அவளுடைய அழைப்பு, அவளுடைய ஏற்ற இறக்கம்.

குணசீலன் கவனிக்காமல் போகப் பார்த்தான். சுவர் மறுபடியும், குரலைத் தாழ்த்தி, கடைசி எழுத்தை இழுத்துக் கேட்டது. அதற்கும் பதில் இல்லாததால் அங்கே ஆள் இல்லை என்று முடிவு செய்து, சிக்கனமாக அவனுக்குப் போகும் அலையின் வேகத்தைக் குறைத்தது. காதில் ஓடிக்கொண்டிருந்த பேச்சு விக்கியது.

"சாப்ட்டேன், சாப்ட்டேன்!" என்றான் குணசீலன் அவசரமாக. சுவரில் பச்சை விளக்கு எரிந்தது. வேகம் திரும்பியது.

அன்று முதல் அந்த வீட்டில் யாரும் பதில் சொல்லாமல் வளைவைத் தாண்டவில்லை. "ஆச்சு" என்றாள் பூங்கோதை. "மத்தியானம் லேட்டு, ஆனா சாப்ட்டேன்" என்று விவரமாகச் சொன்னான் குணசீலன். அத்தனை வருஷமாகக் கேட்டும் கிடைக்காத பதில்களையெல்லாம் திலகவதி அறைக்குள் இருந்தபடியே கேட்டாள்.

ஒரு நாள் நிறைமதியின் குரல் வந்தது. "இன்னும் இல்ல. துருவ நிலையத்துலேர்ந்து மறுபடியும் கூப்பிட்டிருக்காங்க. பயத்துல பசியே இல்ல."

சுவர் பச்சையாக எரிந்தது. பதில் வந்துவிட்டது, அதற்கு அது போதும். "வாடா கண்ணு, பாசிமாவுல ரெண்டு தோசை ஊத்தித் தரேன்" என்று திலகவதி அறைக்குள்ளிருந்து கூப்பிட்டாள். நிறைமதிக்குக் காதில் பாட்டு. சாப்பிடாமலேயே பின்னறைக்குப் போய்விட்டாள்.

எல்லோரிடமும் கேட்ட சுவர் திலகவதியிடம் மட்டும் கேட்கவில்லை. அவள் முதலில் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு வேண்டுமென்றே ஒருமுறை அதன் முன்னால் போய் நின்றாள். விளக்குகூட அசையவில்லை.

அதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் பூங்கோதை. "என்னங்க, அண்ணிய மட்டும் அது ஆளாவே மதிக்க மாட்டேங்குது."

அந்தோணி வந்து பார்த்தான். "பழுது ஒண்ணுமில்ல சார். அவங்க பழக்கத்தத்தானே மாத்தினோம்? அவங்க வீட்ல எல்லாரையும் கேட்டிருக்காங்க. அவங்கள யாரும் கேட்டதா இதுல இல்ல. அதனால அப்படி ஒரு ஆள் இருக்கிறதே இதுக்குத் தெரியல."

குணசீலன் தொண்டையைச் செருமிக்கொண்டான். பூங்கோதை சுவரைப் பார்த்தாள்.

"இது சின்ன விஷயம் இல்ல சார்" என்று அந்தோணி தொடர்ந்தான். "மாசக் கடைசியில காத்து வாரியம் வலையப் பார்த்துத்தான் ஆள் எண்ணும். வலைக்குத் தெரியாத ஆளுக்கு இந்த வீட்ல காத்து ஒதுக்க மாட்டாங்க. ஒற்றையர் கூடத்துக்கு எழுதிடுவாங்க. இப்பவே கத்துக்கொடுத்துடுங்க. சுலபம்தான். அவங்கள இது முன்னாடி உக்கார வச்சு, வீட்டு ஆளுங்க மாறி மாறி சாப்ட்டியான்னு கேளுங்க. அவங்க பதில் சொல்லணும். கேள்வியும் பதிலும் சேர்ந்து கிடைச்சா பிடிச்சுக்கும். அதுவரைக்கும் மஞ்சள் எரியும், பிடிச்சதும் பச்சை."

நாற்காலி வளைவுக்குத் திரும்பி வந்தது. திலகவதி உட்கார்ந்தாள். குணசீலன் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நடுவில் தொந்தரவு வேண்டாமென்று காதுக்கருவியைக் கழற்றிப் பைக்குள் போட்டான்.

"அக்கா, சாப்ட்டியா?"

சொல்ல வாய் திறந்தவள் அவன் முகத்தைப் பார்த்தாள். புருவத்தில் நரை வந்திருந்தது. இது எப்போது வந்தது? பக்கவாட்டில் கடந்துபோகும் முகமாகவே பார்த்துப் பழகியதில் அவளுக்குத் தெரியாமல் போயிருந்தது. அவன் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு காத்திருந்தான். பதில் சொன்னால் எழுந்து போய்விடுவான்.

அவள் சொல்லவில்லை.

"அக்கா? சாப்ட்டியாக்கா?"

மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவன் போய் பூங்கோதையை அனுப்பினான். "அண்ணி, சாப்ட்டீங்களா?" என்று அவள் கேட்டுப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பதில் வராததால் சாப்பிடவில்லை என்று எண்ணித் தட்டில் சாதம் போட்டுக் கொண்டுவந்தாள். திலகவதி சாப்பிட்டாள். சாப்பிட்ட பிறகு கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை.

பிடிவாதம் என்று நினைத்தார்கள், உடம்புக்கு ஏதோ என்று நினைத்தார்கள். எப்படியும் மாதக் கடைசிக்குள் பதில் வாங்கியாக வேண்டும். ஒருவர் மாற்றி ஒருவர் வந்து உட்கார்ந்தார்கள். சும்மா கேட்டுக்கொண்டே இருக்க முடியாதல்லவா? நடுவில் பேச்சும் வந்தது. குணசீலன் சின்ன வயசில் காற்றுக்கவசத்தைப் போட மறந்து வாசல் கதவு வரை போனதையும், அக்கா சட்டையைப் பிடித்து இழுத்ததையும் சொல்லிச் சிரித்தான். பூங்கோதை தனக்கு முழங்கால் வலிப்பதை முதல்முறையாக ஒருவரிடம் சொன்னாள். நிறைமதி மடியில் தலை வைத்துப் படுத்து, துருவ நிலையத்தில் வேலை கிடைத்துவிட்டதை அங்கேதான் சொன்னாள். திலகவதி எல்லாவற்றுக்கும் பேசினாள், சிரித்தாள், நிறைமதியின் தலையைக் கோதிவிட்டாள். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல நாட்கள் வந்ததில்லை.

அது நீடிக்காது என்று அவளுக்குத் தெரியும். பதில் சொன்னால் இவர்கள் போய்விடுவார்கள். சொல்லாவிட்டால் அவள் போக வேண்டியிருக்கும். இன்னும் ஒரு வேளை, இன்னும் ஒரே ஒரு வேளை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

மாதத்தின் கடைசி நாள் மாலை. குணசீலன் கேட்டுக் களைத்து, "உன்ன எண்ணாம விட்டுட்டா நான் என்னக்கா பண்ணுவேன்?" என்று தலையைப் பிடித்துக்கொண்டான். நிறைமதி வந்து காலடியில் உட்கார்ந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அன்னைக்கு உன் கால் மட்டும் பிடிக்காம இருந்திருந்தா இந்தப் பெட்டியே வந்திருக்காது இல்ல? என்னாலதான் நீ போகப் போறே. ஒரு வார்த்தை சொல்லிடு அத்தை. அத்தை, சாப்ட்டியா?"

குழந்தை அழுவதைத் திலகவதியால் தாங்க முடியாது.

"சாப்ட்டேன்டா கண்ணு" என்றாள். அன்று முழுக்க அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

பச்சை விளக்கு எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். குணசீலன் அக்காவின் தோளைப் பிடித்துக் குலுக்கினான். நிறைமதி கன்னத்தில் முத்தமிட்டாள். "அப்பாடா" என்றாள் பூங்கோதை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்கள். பிறகு பைக்குள் இருந்தவை காதுக்குப் போயின. ஒருவர் கூடத்துக்கும் இருவர் பின்கட்டுக்குமாகக் கலைந்தார்கள். போகிற போக்கில் வழியை அடைக்கிறதென்று நாற்காலியையும் குணசீலன் எடுத்து ஓரமாக வைத்துவிட்டான்.

காலையில் காற்று வாரியத்தின் ஒப்புதல் வந்தது. வீட்டில் நான்கு பேர். திலகவதி அறையை விட்டு வெளியே வந்து வளைவைத் தாண்டினாள்.

"அத்தை, சாப்ட்டியா?"

பதில் வந்தது நிறைமதி கேட்டதற்குத்தான். அதனால் சுவர் அந்த அழைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. திலகவதி சுற்றும் பார்த்தாள். கூடத்தில் குணசீலன் இருந்தான். அடுப்படியில் பூங்கோதை இருந்தாள். நிறைமதியின் அறைக் கதவு திறந்திருந்தது. யாரும் நிமிரவில்லை. இனி கேட்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. கேட்பதற்குத்தான் சுவர் இருக்கிறதே.

அவள் பதில் சொல்லாமல் நடந்தாள். இது எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டாள். மனதில் ஒரு கெடுதலும் இல்லாமலே செய்துவிடலாம் போலிருந்தது.

"அத்தை, சாப்ட்டியா...?"

இரண்டாவது முறை குரல் தாழ்ந்திருந்தது. கடைசி எழுத்து இழுபட்டது. திலகவதி நின்றுவிட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது எப்படியிருக்கும் என்று அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். திரும்பி வந்தாள். சுவரில் கை வைத்தாள். லேசாகச் சுட்டது.

"இன்னும் இல்ல" என்றாள்.

சுவர் பச்சையாக எரிந்தது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். அடுத்து என்ன சொல்ல வேண்டுமென்று சுவருக்குத் தெரியவில்லை. அது எல்லாவற்றையும் அவளிடமிருந்துதான் கற்றிருந்தது; அந்த இடம் வரைக்கும் அவளை ஒருவரும் வரவிட்டதில்லை.